முழங்கையில் விழுந்த வெள்ளை

என் வலது கைச் சுண்டு விரலுக்கு உணர்ச்சி போய்விட்டது என்பது, திண்டிவனத்துக்குப் பக்கத்துச் சந்தையில், ஒரு துண்டுக்கு அடியில்தான் எனக்குத் தெரியவந்தது. இது நடந்தது அறுபதுகளின் நடுவில்.

நான் மாட்டுத் தரகன். எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவரின் கையையும் தரகனின் கையையும் ஒரு துண்டு போட்டு மூடிவிடுவோம். உள்ளே அவர் என் விரல்களைப் பிடிப்பார். மூன்று விரலைப் பிடித்தால் மூன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. எத்தனை நூறு என்பது மாட்டைப் பார்த்த இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தில் எதையும் காட்டாமல் நிற்பதும், விரலுக்கு வந்த சேதியைத் தப்பாமல் படிப்பதும்தான் தரகனின் படிப்பு. பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை போனேன். எனக்குச் சோறு போட்டது இந்தப் படிப்புதான்.

அன்று விக்கிரவாண்டிக்காரர் ஒருவரின் ஜோடிக் காளைகளுக்குச் செஞ்சிப் பக்கத்து ஆள் ஒருவர் விலை கேட்டார். துண்டுக்குள் என் விரல்களைப் பிடித்தார். நாலு என்று எனக்குப் பட்டது. நாலுக்குத் தரமுடியாது என்று தலையாட்டினேன். மறுபடியும் பிடித்தார், மறுபடியும் நாலு. அவர் கையை உருவிக்கொண்டு போய்விட்டார். பொழுது சாயும் நேரத்தில், இனி யாரும் வரமாட்டார்கள் என்று அதே காளைகளை நாலுக்கே வேறொருவருக்குத் தள்ளிவிட்டோம்.

சற்று நேரத்தில் விக்கிரவாண்டிக்காரர் டீக்கடையிலிருந்து வேகமாக வந்து என் சட்டையைப் பிடித்தார்.

"இன்னா தரகரே, அந்தச் செஞ்சிக்காரரு அஞ்சு குடுத்தாராமே! ரெண்டு தபா புடிச்சாராமே! நீ தலையாட்டிட்டியாம். எவன்கிட்ட இன்னா வாங்கிக்கினு என் வயித்துல அடிச்சே?"

செஞ்சிக்காரர் ஐந்து விரலையும்தான் பிடித்திருக்கிறார். சுண்டு விரல் எனக்குச் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வது? சந்தையில் அதைவிட மட்டமான சாக்கு ஒன்று உண்டா?

வீட்டுக்குப் போய் அந்த விரலை வாயில் வைத்துக் கடித்துப் பார்த்தேன். பல் பதிந்த தடம் தெரிந்தது, வலி தெரியவில்லை. வேறு யாருடைய விரலையோ வாயில் வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

அதற்கு முன்பே அறிகுறிகள் இருந்தன. காலையில் எழுந்தால் சுண்டு விரலிலும், அதை ஒட்டிய மோதிர விரலின் பாதியிலும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பாதி விரல் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். உண்மையிலேயே பாதிதான். ஒரே விரலின் ஒரு பக்கம் என்னுடையது, மறுபக்கம் யாருடையதோ. கையை உதறினால் சரியாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன். இதைப் படிக்கிற உங்களுக்கும் அப்படி இருக்குமானால் உதறிக்கொண்டே காலம் தள்ளாதீர்கள். உதறினால் விரல் சரியாகும், முழங்கை சரியாகாது.

முதலில் போனது திண்டிவனத்திலேயே இருந்த ஒரு நரம்பு வைத்தியரிடம். அவர் என் கையைச் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. "வாயுப்பா" என்றார். ஒரு புறாவை அறுத்துச் சூட்டோடு அந்த ரத்தத்தை முழங்கையிலிருந்து விரல் வரை தேய்த்தார். அதன்மேல் ஏதோ கறுப்பு எண்ணெய். கழுவக்கூடாது என்று சொல்லி இலை வைத்துக் கட்டி அனுப்பினார். மறுநாள் என் கை நாறிய நாற்றத்தை எழுத்தில் வைக்க எனக்கு மனமில்லை. ஈக்கள் என்னோடு பேருந்தில் ஏறி என்னோடு இறங்கின. சுண்டு விரலுக்கு அதுவும் தெரியவில்லை. அந்த வைத்தியரை நினைத்தால் இன்றைக்கும் எச்சில் ஊறித் துப்பத் தோன்றுகிறது.

நாளாக ஆக விரல் வளைந்தது. சுண்டு விரலும் மோதிர விரலும் உள்நோக்கி மடங்கி, நிமிர்த்தினால் நிற்காமல் போயின. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்த சதை வற்றிப் பள்ளமானது.

எங்கள் பக்கத்தில் வளைந்த சுண்டு விரலுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் அப்போது இருந்தது. பெருவியாதி. குஷ்டம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். பேருந்து நிலையத்தில், கோயில் வாசலில் அந்தக் கைகளைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். முதலில் மரத்துப்போவது, பிறகு வளைவது, பிறகு தேய்வது என்ற வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். என் கை அந்த வரிசையில் இரண்டாவது படியில் நின்றது.

சந்தையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். டீக்கடைக்காரர் மட்டும், நான் குடித்து வைத்த கிளாசைக் குச்சியால் தள்ளிச் சாக்கடையில் விழவைத்தார். நான் பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். "ஒடஞ்ச கிளாசு" என்றார். அது உடைந்தது சாக்கடையில் விழுந்த பிறகுதான்.

என்னோடு கூட்டாகத் தரகு பார்த்தவன் கோவிந்தன். என்னைவிட இளையவன், துண்டு பிடிக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவன் என்னை ஓரமாக அழைத்துப் போனான். ஓரமாக என்றால், இருவருக்கும் நடுவில் ஒரு கன்றுக்குட்டியைக் கட்டலாம், அத்தனை தூரம்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காதே. கொஞ்ச நாளைக்கு நீ வீட்ல இரு. நான் பாத்துக்கறேன். நீ நிக்கிறதப் பாத்துட்டு என்கிட்டயும் ஒருத்தனும் வரமாட்டன்றான். ஒரே பேஜாரா போச்சு."

"எனக்கு அது இல்லடா கோவிந்தா."

"நான் எங்க அண்ணே சொன்னேன் அதுன்னு? நீயே சொல்றே."

வீட்டில் என் மனைவி அலமேலு ஒன்றும் மாற்றவில்லை. தண்ணீரை மட்டும் கொஞ்சம் தூக்கி ஊற்றினாள். சொம்பு என் குவளையைத் தொடாத உயரம். அவள் அதை அறிந்து செய்தாளா, கை தானாக உயர்ந்ததா, தெரியாது. நானும் கேட்கவில்லை. ஆனால் தண்ணீர் விழும் சத்தம் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

ஒருநாள் அவளே சொன்னாள்: "இன்னாவா இருந்தாலும் இருந்துட்டுப் போவட்டும். விழுப்புரத்துல மிலிட்டரி டாக்டர் ஒருத்தர் இருக்காராம். போய்க் காட்டிக்கினு வந்துடலாம். தெரியாம பயந்துக்கினு கெடக்கறதுக்கு, தெரிஞ்சிக்கினு பயப்படலாம்."

விழுப்புரத்துக்கு ரயிலில் போனோம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து வைத்தியசாலை வைத்திருந்தார் அந்த டாக்டர். நீளமான தாழ்வாரத்தில் உட்காரவைத்தார்கள். பினாயில் வாசனைக்கு அடியில் சீழ் வாசனை, அதற்கும் அடியில் யாரோ பையில் வைத்திருந்த அழுகிய வாழைப்பழம். சுவர் முழுக்க வெற்றிலை எச்சில். ஒருவர் காலில் கட்டை அவிழ்த்துத் தானே மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் மடங்கிய கையைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் என் துண்டைப் பார்த்துவிட்டுத் தன் மகளை மடிக்கு இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். தன் மூக்கில் சளி வழிவது அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டர் என்னைத் தொட்டார். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வெளியாள் என்னை வெறுங்கையால் தொட்டது அன்றுதான். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, தொடை, காது, கழுத்து எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பார்த்தார். வெளுத்த படை எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினார். காது மடலில் கத்தி முனையால் லேசாகச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தடவினார் (தோலில் கிருமி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை). பிறகு முழங்கையை மடக்கி அப்படியே வைத்திருக்கச் சொன்னார். சற்று நேரத்தில் சுண்டு விரலில் எறும்பு ஊர்ந்தது. முழங்கையின் உட்பக்கம், எலும்புக்குப் பின்னால் ஒரு விரலால் தட்டினார். மின்சாரம் பாய்ந்த மாதிரி விரல் நுனி வரை சுரீரென்றது. நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன்.

"நீங்க எப்படித் தூங்குவீங்க?" என்றார்.

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. சந்தைக்கு முதல் நாளே போய் வண்டிக்கு அடியில் படுப்பது எங்கள் வழக்கம். கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்வேன். மாட்டுக் கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொள்வேன், இல்லாவிட்டால் மாடு அவிழ்ந்தால் தெரியாது. பத்து இருபது வருஷமாக அப்படித்தான் தூங்குகிறேன் என்று சொன்னேன்.

"அதான். உங்களுக்குக் குஷ்டம் இல்ல. எதுக்கும் அந்தத் தகட்டையும் பார்த்துடறேன். உங்க அல்னார் நரம்பு முழங்கையில மாட்டிக்கிட்டு நசுங்குது" என்றார். (முழங்கை எலும்புக்குப் பின்னாலுள்ள குறுகிய பள்ளத்தின் வழியே ஓடி, சுண்டு விரலுக்கும் பாதி மோதிர விரலுக்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு இது. அந்த இடத்தில் இடித்துக்கொண்டால்தான் நமக்கெல்லாம் சுரீரென்று ஏறுகிறது.) தகட்டையும் அன்றே பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றார்.

அலமேலு தாழ்வாரத்திலேயே அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஒரு வருஷமாக என்னைப் பார்த்து மூக்கைச் சுளித்த ஒவ்வொருவன் முகத்திலும் இந்தச் சேதியைத் துப்பவேண்டும் என்றுதான் தோன்றியது.

கார்ட்டிசோன் ஊசி போடலாம் என்றார் டாக்டர் (வீக்கத்தை அடக்கும் மருந்து, ஸ்டீராய்டு என்றும் சொல்வார்கள்). நரம்பைச் சுற்றியுள்ள வீக்கம் வடிந்தால் நரம்புக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். சரியாகாவிட்டால் கத்தி வைக்கவேண்டும், அதற்குச் சென்னை போகவேண்டும். ஊசி எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது, இரவில் கையை மடக்காமல் இருப்பதுதான் பாதி வைத்தியம் என்றும் சொன்னார்.

ஊசியை எலும்புப் பள்ளத்தின் பக்கத்தில் குத்தினார். மருந்து பால்போல வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. உள்ளே இறங்கும்போது முழங்கைக்குள் யாரோ உருண்டையைத் திணிக்கிற மாதிரி வலித்தது. அன்றும் மறுநாளும் கை வீங்கி, தொட்டால் உயிர் போனது. இது சிலருக்கு வரும், பயப்படாதீர்கள். மூன்றாம் நாள் வலி இறங்கியது. அடுத்த வாரங்களில் எறும்பு ஊர்வதும் குறைந்தது. அலமேலு ஒரு மூங்கில் பிளாச்சைத் துணியில் சுற்றி என் முழங்கைக்கு அணைகொடுத்து, கை மடங்காதபடி தினமும் கட்டிவிட்டாள். மாட்டுக்குப் பதில் நான் கட்டப்பட்டேன். தண்ணீரை இப்போது பக்கத்தில் வைத்து ஊற்றினாள்.

மோதிர விரல் நிமிர்ந்தது. சுண்டு விரல் மட்டும் மரத்தே இருந்தது. நரம்பு மாதத்துக்கு ஒரு விரற்கடை, அதாவது ஒரு விரல் அகலம்தான் வளரும், முழங்கையிலிருந்து விரல் நுனிக்கு அது நடந்து வரவேண்டும், பொறுத்திருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பொறுக்கத் தயாராகத்தான் இருந்தேன். அதற்குள் அது வந்தது.

ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்க ஆரம்பித்தது. முதலில் தேமல் என்று நினைத்தேன். பிறகு கொட்டைப்பாக்கு அளவு, பிறகு வெற்றிலை அளவு. நடுவில் தோல் மெலிந்து சின்னக் குழி. என் கறுத்த முழங்கையில் சுண்ணாம்பு பூசிய மாதிரி அது தெரிந்தது. வளைந்த விரலையாவது மடித்து மறைக்கலாம், இதை எங்கே மறைப்பது?

நான் மறைக்கவும் இல்லை. குஷ்டம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்ட தைரியத்தில் அரைக்கைச் சட்டையோடு சந்தைக்குப் போனேன். துண்டைத் தோளிலிருந்து எடுத்து, வாங்க வந்த ஒருவரிடம் நீட்டினேன். அவர் என் முழங்கையைப் பார்த்தார். கை நீளவில்லை. துண்டு எங்கள் நடுவில் தரையில் விழுந்தது.

அதைக் குனிந்து எடுக்க நான் போவதற்குள் கோவிந்தன் வந்தான். கையிலிருந்த மாடு ஓட்டும் கழியால் துண்டின் ஒரு முனையைத் தூக்கினான். செத்த பாம்பைத் தூக்குகிற மாதிரி கழியை நீட்டிப் பிடித்துக்கொண்டு போய், சாணிக் குவியலின்மேல் போட்டான். சந்தையே பார்த்தது. ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. எல்லோர் முகத்திலும் ஒரே சுளிப்பு, ஒரே அச்சில் வார்த்த மாதிரி.

"டாக்டர் இல்லன்னு சொல்லிட்டாருடா!" என்று கத்தினேன்.

"டாக்டரு சொல்லுவாரு அண்ணே. கையி இன்னா சொல்லுது பாரு" என்றான் கோவிந்தன்.

அன்றே ரயிலேறி விழுப்புரம் போனேன். தாழ்வாரத்தில் உட்காரச் சொன்ன ஆளைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். "இன்னா ஊசி போட்டீங்க? இல்லாத நோவ ஒட்டவச்சி அனுப்பிட்டீங்களே!" என்று டாக்டர் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. "கண்ணை மூடுங்க" என்றார். மூடினேன். "எங்கே தொடுறேன்னு சொல்லுங்க."

பஞ்சு நுனி முழங்கையில் பட்டது. வெளுத்த இடத்தின் நடுவில். சொன்னேன். ஓரத்தில். சொன்னேன். ஊசிக் குத்தலும் தெரிந்தது, ஈரத்துணியின் குளிர்ச்சியும் தெரிந்தது.

"அந்த நோவுல வர்ற படையில உணர்ச்சி இருக்காது. இதுல இருக்கு. மருந்து தோலோட நிறத்தைத் தின்னுடுச்சு. சிலருக்கு, கறுத்த தோல்ல அதிகமா, இப்படி ஆகும். மெதுவா நிறம் திரும்பும். முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு" என்றார்.

ஒரு பெரிய மனிதர் தப்பு என்று சொல்லிவிட்டால் நம் கோபத்துக்கு உட்கார இடம் இல்லாமல் போய்விடுகிறது. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. எழுதித் தருகிறேன், சந்தையில் காட்டுங்கள் என்றார். வேண்டாம் என்றேன். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தே வயதை நம்புகிற கூட்டம் அது. காகிதத்தைத் தொட்டு வாங்கக்கூட எவனும் கை நீட்டமாட்டான்.

உங்களுக்கு முழங்கையில் இந்த ஊசி போடப்போகிறார்கள் என்றால், தோல் வெளுக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெளுத்தால் கண்ணை மூடிப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். அலமேலு வீட்டில் அப்படித்தான் செய்தாள். தலையணையிலிருந்து பஞ்சைப் பிய்த்து என் முழங்கையில் வைத்தாள். நான் சரியாகச் சொல்லச்சொல்ல அவள் குரல் தெளிந்தது. கடைசியில் பஞ்சைப் போட்டுவிட்டுத் தன் கையையே அங்கே வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் சந்தைக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார முடியுமா? வாரா வாரம் போனேன். புங்கமரத்தடியில் புதுத் துண்டோடு உட்கார்ந்தேன். ஒரு கையும் வரவில்லை. மல்லாட்டை (வேர்க்கடலை) விற்கிறவள்கூட என் பக்கம் கூடையை இறக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. யாராவது ஒருவன் என் துண்டுக்குள் கையை விடவேண்டும். அது நடந்துவிட்டால் மற்றதெல்லாம் நடந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

தரகு நின்றுபோனதால் வீட்டுக் கறவை மாட்டை விற்றுவிடலாம் என்று ஒரு வாரம் ஓட்டிக்கொண்டு போனேன். நல்ல மாடு, இரண்டாவது ஈற்று. வந்தவர்கள் மடியைப் பார்த்தார்கள், சுழியைப் பார்த்தார்கள், பிறகு கயிற்றைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்கள். என் கை கறந்த மாட்டின் பால் யார் தொண்டையிலும் இறங்காதாம்.

வெயில் ஏறிய பிறகு ஒருவர் வந்தார். நடையிலேயே தெரிந்தது. பாதத்தில் டயர் வாரில் தைத்த செருப்பு, துணி சுற்றிய கட்டு. ஊருக்கு வெளியே கன்னியாஸ்திரீகள் நடத்திய நோயாளிகள் குடியிருப்பிலிருந்து வந்தவர், பெயர் சூசை. அங்கே இருப்பவர்களுக்குக் கறவை மாடு வாங்க வந்திருந்தார். கூட்டம் இரண்டாகப் பிளந்து அவருக்கு வழிவிட்டது. அவர் கோவிந்தனிடம் ஏதோ கேட்டார். கோவிந்தன் தாடையால் என்னைக் காட்டினான்.

"அதோ உக்காந்துக்கினு கீறாரு பாரு, உங்க ஆளு. அவர்கிட்ட போ."

அவர் என்னிடம் வந்தார். நான் எழுந்திருக்கவில்லை. கால்கள் எழுந்து ஓடவேண்டும் என்றுதான் துடித்தன.

"கும்பிடறேண்ணா. கறவை மாடு ஒண்ணு வேணும். எனக்கு நோவு அடங்கிப்போச்சு, டாக்டரம்மா ஒட்டாதுன்னு சொல்லிட்டாங்க. ஆனா ஒருத்தரும் துண்டு போடமாட்டன்றாங்க. வாயால வெலை கேட்டா சந்தை பூரா கேட்டுக்கினு ஏத்திவுட்டுடறானுங்க. நீங்கதான் போடணும்."

அவருடைய வலது கையில் கட்டை விரல் முழுசாக இருந்தது. மற்றவை முதல் கணுவோடு முடிந்திருந்தன. துண்டுப் பேச்சில் அது ஒரு தடையே இல்லை. பிடிபடுகிற கைக்குத்தான் ஐந்து விரல் வேண்டும், பிடிக்கிற கைக்கு வேண்டியதில்லை. அவர் அதைக் கணக்குப் போட்டுவைத்துத்தான் வந்திருந்தார்.

என் முழங்கையைப் பார்த்து, "உங்களுக்கு எப்பலேர்ந்துண்ணா?" என்று கேட்டார். ரொம்பச் சாதாரணமாக, எந்த ஊர் என்று கேட்பதுபோல.

இது அது இல்லை என்ற வாக்கியம் என் வாயில் எப்போதும் தயாராக இருந்தது. ஊரில் எல்லோரிடமும் கத்தியிருக்கிறேன். அன்றும் நாக்கு நுனிக்கு வந்தது. அந்த மனிதரின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல முடியவில்லை. கோவிந்தன் கழியில் தூக்கிய என் துண்டு மாதிரி அந்த வாக்கியமே எனக்குக் குமட்டியது. விழுங்கிவிட்டேன். கையை நீட்டித் துண்டைப் போட்டேன்.

உள்ளே அவர் கை வந்தது. என் உடம்பு முழுக்கக் கூசியது, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். சொரசொரப்பான தோல், முனை மழுங்கிய கணுக்கள், எதிர்பாராத குளிர்ச்சி. முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றேன், தொழில் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான். அவர் முதலில் மூன்று விரலைப் பிடித்தார். தலையாட்டினேன். நாலு. தலையாட்டினேன். பிறகு மொத்தக் கையையும் சேர்த்துப் பிடித்தார்.

சுண்டு விரலின் பக்கவாட்டில் எதுவோ உரசியது.

முதலில் நம்பவில்லை. மழுங்கிய அந்தக் கணு என் சுண்டு விரலை அழுத்துவது எனக்குத் தெரிந்தது. மங்கலாக, கம்பளிக்குள்ளிருந்து தொடுவதுபோல், ஆனால் தெரிந்தது. முழங்கையிலிருந்து நடக்க ஆரம்பித்த நரம்பு அங்கே வந்து சேர்ந்திருந்தது. செத்துக்கிடந்த விரல் எனக்கு முதன்முதலில் கொண்டுவந்து கொடுத்தது அருவருப்பு. அதே அருவருப்பு, ஐந்தாவது விரல் வழியாக.

"இன்னொரு தபா புடிங்க" என்றேன்.

"அதுக்கு மேல இல்லண்ணா" என்றார் அவர், நான் விலையை ஏற்றுகிறேன் என்று நினைத்து.

"வெலைக்கு இல்ல. சும்மா புடிங்க."

பிடித்தார். அஞ்சு. சந்தேகமில்லாமல் அஞ்சு. கொஞ்ச நேரம் நான் கையை எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. கூசிக்கொண்டேதான் இருந்தது. மாட்டின் கயிற்றை அவரிடம் கொடுத்துவிட்டு, எந்த வேளையில் கறந்தால் மடி முழுசாகச் சுரக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று அவரோடு துண்டு போட்டதைச் சந்தை முழுக்கப் பார்த்தது. எனக்கு அது இல்லையோ என்று கொஞ்சநஞ்சம் யோசித்தவர்களும் முடிவுகட்டிவிட்டார்கள். அடுத்த மழைக்காலம் வரை சூசையையும் அவர் அனுப்பிய ஆட்களையும் தவிர என்னிடம் யாரும் வரவில்லை. அவர்களுக்கு மாடு வாங்கிக்கொடுத்து, உழவு மாடு பார்த்துக்கொடுத்து நாட்களை ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் கூசியது. ஒவ்வொரு முறையும் சுண்டு விரல் கொஞ்சம் தெளிந்திருந்தது.

வெள்ளையில் பழைய நிறம் நிரம்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஓரத்திலிருந்து கறுப்புப் புள்ளிகள் முளைத்து, நடுவை நோக்கி மெதுவாக வந்தன. குழி மட்டும் இன்றும் இருக்கிறது. வற்றிய சதை முழுசாகத் திரும்பவில்லை, சுண்டு விரல் இன்னும் லேசாக வளைந்துதான் நிற்கிறது. கையை மடக்கித் தூங்க இப்போது எனக்குத் தெரியாது. நடுவில் விழித்துக்கொண்டால் கை தனியாக, பக்கத்தில் யாரோ படுத்திருக்கிற மாதிரி நீண்டு கிடக்கும். நரம்பு நடந்த வேகத்தைப் பார்த்த பிறகு எனக்கு எதிலும் அவசரம் இல்லை. ஒரு மாதம் என்றால் மற்றவர்களுக்கு நாலு சந்தை, எனக்கு ஒரு விரற்கடை.

முழங்கை பழைய நிறத்துக்கு வந்ததும் கைகளும் திரும்பி வந்தன. யாரும் எதுவும் பேசவில்லை. டீக்கடைக்காரர் மற்றவர்களுக்குக் கொடுக்கும் கிளாசிலேயே எனக்கும் டீ கொடுத்தார். ஒருநாள் கோவிந்தனே ஒரு ஜோடி மாட்டுக்கு விலை கேட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"போடு அண்ணே துண்ட" என்றான், நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்தவன் போல.

போட்டேன். உள்ளே அவன் கை வந்து என் விரல்களைப் பிடித்தது. அந்தச் சந்தையில் ஒரு கை என் துண்டுக்குள் வரவேண்டும் என்று எத்தனை வாரம் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்! வந்துவிட்டது. கதகதப்பாக, வியர்த்து, ஐந்து விரலும் முழுசாக இருந்த கை, அன்று என் துண்டைக் கழியால் தூக்கிய கை. அது பிடித்த ஒவ்வொரு விரலும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, சுண்டு விரல் எல்லாவற்றையும்விடத் தெளிவாக. உடம்பு முழுக்கக் கூசியது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றேன்.